பெரிய பல்கலைக்கழகத்தை விட்டு ஊர் பக்கக் கல்லூரிக்கு மாறலாமா? டிசி வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

சென்னையிலோ டெல்லியிலோ பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் சீட் கிடைத்து, ஊரே வாழ்த்தி அனுப்பிய பிள்ளை, ஆறே மாதத்தில் "இங்க முடியலப்பா, ஊர் பக்கமே படிக்கிறேன்" என்று போன் செய்தால்? ராமநாதபுரம் மாவட்டம் ஆர்.எஸ்.மங்கலம் போன்ற ஊர்களில் "நாலு பேரு என்ன சொல்வாங்க?" என்பதுதான் முதல் கவலை. ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு: படித்த செமஸ்டர்கள் செல்லுமா, வருஷம் வீணாகுமா?

இப்படி வெளியேறுவது அபூர்வமா?

இல்லை. 2023 டிசம்பரில் மக்களவையில் மத்திய அரசு அளித்த பதிலின்படி, அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் மத்திய பல்கலைக்கழகங்கள், ஐஐடி, ஐஐஎம்களில் இருந்து எஸ்சி, எஸ்டி, ஓபிசி மாணவர்கள் மட்டுமே 13,626 பேர் வெளியேறியுள்ளனர். பல வாய்ப்புகள் இருப்பதால் வேறு நிறுவனத்துக்கோ வேறு பாடத்துக்கோ மாறுகிறார்கள் என்பது அரசு சொன்ன விளக்கம்.

ஊர் பக்கம் என்ன வாய்ப்பு?

ஆர்.எஸ்.மங்கலத்துக்கு அருகே திருவாடானையில் அரசு கலை அறிவியல் கல்லூரி உள்ளது. ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி உள்ளது. ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள், 1985ல் தொடங்கப்பட்ட காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. இன்ஜினியரிங் படிக்க, அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி ராமநாதபுரத்திலேயே இருக்கிறது.

நேராக இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா?

அதே பாடம், காலி இடம், ஒத்துப்போகும் பாடத்திட்டம் ஆகிய மூன்றும் இருந்தால் வாய்ப்பு உண்டு. முடிவெடுப்பது சேரப்போகும் பல்கலைக்கழகம்தான். பி.டெக்கை விட்டு பி.எஸ்சிக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலாம் ஆண்டில் இருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

படித்த கிரெடிட் என்ன ஆகும்?

யுஜிசி 2021ல் கொண்டுவந்த 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' திட்டத்தில், மாணவர் பெற்ற கிரெடிட்டுகள் டிஜிட்டல் கணக்கில் சேரும். அதிகபட்சம் 7 ஆண்டுகள் வரை செல்லும். இரண்டு நிறுவனங்களும் இதில் பதிவு செய்திருக்க வேண்டும். இந்த விதிமுறைப்படி, பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது 50% கிரெடிட் பெற்றிருக்க வேண்டும். அதாவது, கடைசி வருஷம் மட்டும் இடம் மாறி பட்டம் வாங்குவது கஷ்டம். மாறுவதானால் சீக்கிரம் முடிவெடுப்பது நல்லது.

எதை முதலில் செய்யணும்?

பலர் தவறுவது இங்கேதான். கோபத்தில் டிசியை வாங்கிவிட்டால் பழைய சீட் போய்விடும், புதிய சீட்டும் கையில் இருக்காது. சரியான வரிசை இது:

1. மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட நகலுடன் புதிய கல்லூரி முதல்வரைப் பாருங்கள்.
2. எந்த ஆண்டில் சேர்ப்பார்கள், எத்தனை கிரெடிட் ஏற்பார்கள் என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.
3. அதன்பிறகே பழைய இடத்தில் தடையில்லாச் சான்று, டிசி, மைக்ரேஷன் சர்டிபிகேட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

கட்டிய பணம் திரும்ப வருமா?

விலகும் தேதியைப் பொறுத்தது. 2024-25 கல்வியாண்டில், செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணமும், அக்டோபர் 31க்குள் விலகினால் அதிகபட்சம் ரூ.1,000 பிடித்துக்கொண்டு மீதியும் தர வேண்டும் என யுஜிசி அறிவித்தது. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்பதும் யுஜிசி விதி.

கல்விக் கடன் இருந்தால் வங்கிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ரூ.1,000 பெறுபவர்கள், அது தொடருமா என்பதைப் புதிய கல்லூரியில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

மனசு மாறினால் திரும்பிப் போகலாமா?

ஐஐடியில் சேர்ந்துவிட்டு விலகியவர்கள் மீண்டும் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத முடியாது. அதனால் பிரச்சனை படிப்பா, மொழியா, விடுதியா, பணமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஒரு செமஸ்டர் இடைவெளி எடுத்தாலே சரியாகிவிடுமா என்றும் கல்லூரியில் கேளுங்கள். மன அழுத்தம் அதிகமாக இருந்தால் டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

பிள்ளை "முடியல" என்று சொல்லும்போது காது கொடுத்துக் கேட்பதுதான் பெற்றோரின் முதல் வேலை. ஊர் பேச்சு நாலு நாளில் அடங்கிவிடும். தவறான வரிசையில் வாங்கிய டிசி ஒரு வருஷத்தையே விழுங்கிவிடும்.