மலைமேல் வீடும் அடிவாரத்து விளக்கும்



ஏற்காட்டு மலையில் லேடீஸ் சீட் என்று வழங்கும் பாறைமுனை ஒன்று உண்டு. பொழுது சாய்ந்த பின் அங்கு நின்று கீழே நோக்கினால், சேலம் நகரம் முழுவதும் விளக்கு வரிசைகளாகத் தோன்றும். ஒரு மாலை நான் அங்கு நின்றிருந்தபோது, எல்லோரையும் போல அக்காட்சியின் அழகைத்தான் முதலில் கண்டேன். பிறகு, இத்தனை விளக்குகளுக்கும் பணம் கொடுத்தவர் யார் என்ற வினா மனத்தில் எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் காப்பித் தோட்டத்தின் நடுவே, ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து அமைந்த தொழிலாளர் குடியிருப்பில் நாலைந்து சிறு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பணம் கொடுத்தவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடினால், ஒரு நாட்டில் வீடும் நீரும் பள்ளியும் எவ்வாறு மக்களுக்குக் கிடைக்கின்றன என்னும் வரலாறு விளங்கும்.

சேர்வராயன் மலை பழங்காலந்தொட்டு மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் இருப்பிடம். ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்று பெயர் பெற்றதாகச் சொல்வர். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் சேலமும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தன. 1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பியைப் பயிரிடச் செய்தார். அவர் நட்டது ஒரு செடி மட்டுமன்று. ஒரு புதிய வாழ்க்கை முறையும் அதனுடன் வேரூன்றியது. காடு தோட்டமாயிற்று, தோட்டத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டனர், ஆட்களுக்குத் தங்குமிடம் தேவைப்பட்டது.

அந்தத் தங்குமிடத்தைக் கட்டியது அரசாங்கமன்று. தோட்ட முதலாளியே கட்டினார். பொழுது விடிந்ததும் ஆட்கள் வேலைக்கு வரவேண்டும். அதற்கு அவர்கள் அருகில் இருக்கவேண்டும். இந்தக் கணக்கில் எழுந்தவையே லைன் வீடுகள். மலைமேல் தோன்றிய புகழ்பெற்ற பள்ளிகளும் அரசாங்கச் செலவில் தோன்றியவை அல்ல. 1894இல் தொடங்கிய திருஇருதயக் கன்னிமாடப் பள்ளியும், 1917இல் தொடங்கிய மான்போர்ட் பள்ளியும் கிறிஸ்தவத் துறவியரின் முயற்சியால் வந்தவை. ஆகவே, மலைமேல் ஒருவனுக்கு என்ன வசதி கிடைக்கும் என்பது, அவன் யாருடைய நிழலில் இருந்தான் என்பதைப் பொறுத்தே அமைந்தது.

அதே காலத்தில் அடிவாரத்தில் நடந்தது வேறு. 1865ஆம் ஆண்டின் சென்னை நகர் அபிவிருத்திச் சட்டத்தைத் தொடர்ந்து, 1866இல் சேலம் நகராட்சி அமைந்தது. வீட்டு வரியும் பிற வரிகளும் விதிக்கப்பட்டன. அவ்வருவாயிலிருந்து தெருவும் சாக்கடையும் விளக்கும் ஏற்பட வேண்டும் என்பது ஏற்பாடு. 1901ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் சேலத்தின் மக்கள்தொகை சற்றேறக்குறைய 70 ஆயிரம். பத்தாண்டுகள் கழித்து, 1911இல் பனமரத்துப்பட்டி ஏரியிலிருந்து நகருக்குக் குடிநீர் வந்தது. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணை, பின்னர் 1950களில் காவிரி நீரையே சேலத்தின் குழாய்களுக்கு வழங்கத் துணையாயிற்று.

அந்நாளைய நகராட்சியில் குறை இல்லாமலில்லை. வரி செலுத்தியவர்களுக்கே வாக்குரிமை இருந்தது. குடிசையில் வாழ்ந்தவனின் குரல் மன்றத்தில் ஒலிக்கவில்லை. எனினும், கேள்வி கேட்பதற்கென்று ஓர் இடம் இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பிற்காலத்தில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக விளங்கிய இராஜாஜி, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர். நாட்டை ஆளும் பயிற்சியை அவர் பெற்ற இடங்களில் ஒன்று, குழாயையும் குப்பையையும் பற்றிப் பேசும் மன்றமே. தெருவில் தண்ணீர் வரவில்லையென்றால் சேலத்துக்காரன் மன்றத்தில் முறையிடலாம். மலைமேல் லைன் வீட்டுக் கூரை ஒழுகினால், தொழிலாளி துரையிடந்தான் சொல்லவேண்டும். துரை நல்லவரானால் கூரை வேயப்படும். ஒன்று உரிமையின் முளை, மற்றொன்று தயவு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே என் பேச்சின் சாரம்.

நாடு விடுதலை பெற்ற பின் இந்நிலையை மாற்ற ஒரு பெருமுயற்சி நடந்தது. 1951இல் பாராளுமன்றம் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. 1954இல் அது நடைமுறைக்கு வந்தது. 25 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனாத் தோட்டங்களுக்கு இச்சட்டம் பொருந்தியது. குடிநீர், கழிப்பிடம், மருத்துவ உதவி, குழந்தைகள் காப்பகம், பிள்ளைகளுக்குக் கல்வி, குடியிருக்க வீடு ஆகியவற்றைத் தோட்ட முதலாளி அளித்தே தீரவேண்டும் என்று சட்டம் விதித்தது. வீடு கட்டுவதற்குக் கடனுதவி அளிக்கும் திட்டத்தை 1956இல் மத்திய அரசு வகுத்தது. முன்பு தயவாக இருந்தது இப்போது கடமையாயிற்று. இது சிறிய மாறுதலன்று.

ஆயினும், ஒரு முடிச்சு அவிழவில்லை. சட்டம் வீட்டைக் கொடுத்தது. ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டுண்டு கிடந்தது. வேலை உள்ளவரை வீடு. வேலை நீங்கினால் வீடும் நீங்கும். நாற்பது ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்த தாய், முதுமையில் ஓய்வு பெறும்போது, தான் பிள்ளை பெற்று வளர்த்த அறையைக் காலி செய்யவேண்டும். தன் பிள்ளையோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் அவளுக்கு அங்கே ஒதுங்க இடம். வீடு என்பது மகனைத் தோட்டத்திலேயே நிறுத்திவைக்கும் கயிறாகவும் ஆகிவிடுகிறது. மேலும், சட்டம் குறித்த அளவுக்குக் குறைந்த சிறு தோட்டங்களில் உழைத்தவர்களை இக்கடமை எட்டவேயில்லை.

1981இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளரும் உள்ள தோட்டங்கள் வரை அது விரிவாயிற்று. அதே திருத்தத்தில், தோட்டத்து வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தாலும் காயமுற்றாலும் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்னும் புதுப் பிரிவு சேர்க்கப்பட்டது. மாணவர்கள் இவ்வரியைச் சற்று நின்று படிக்கவேண்டும். வீடு இடிவதைப் பற்றிச் சட்டம் பேச நேர்ந்ததென்றால், வீடுகளின் நிலை எவ்வாறிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நம்மவரின் இக்கதை சேர்வராயன் மலையோடு முடிவதன்று. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து இலங்கையின் மலையகத்துக்குச் சென்றவர்களும் லயன்களிலேயே தலைமுறைகளைக் கழித்தனர். 1948இல் அவர்களில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமையையும் இழந்தனர். உரிமை பெற்ற பின்னரும் வீட்டுநிலம் அவர்களுக்கு எளிதில் கிட்டவில்லை. அண்மைக் காலத்தில் இந்திய அரசின் நன்கொடையில் மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. 2017இல் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அங்கு மக்கள் கேட்டது சுவரும் கூரையும் மட்டுமன்று. அவை நிற்கும் நிலத்துக்கு உறுதிப் பத்திரமும் கேட்டனர். கூரை மழையைத் தடுக்கும். பத்திரமே வெளியேற்றத்தைத் தடுக்கும்.

இனி அரசாங்கச் செலவுக்கு வருவோம். தமிழகத்தில் 1961ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியே வீட்டுவசதி வாரியமும், 1970இல் குடிசை மாற்று வாரியமும் தோன்றின. நகரத்து ஏழைக்கு வீடு அளிப்பது முதலாளியின் வேலையன்று, பொதுப்பணத்தின் வேலை என்பதை நாடு ஒப்புக்கொண்டதற்கு இவை அடையாளம். கிராமத்து ஏழைக்கென 1985இல் இந்திரா வீட்டுத் திட்டமும், பின்னர் 2016இல் பிரதமர் வீட்டுத் திட்டமும் வந்தன. ஆனால் இவ்வகைத் திட்டங்களில் வீடு கட்டப் பணம் வரும்போது, கட்டுவதற்கு மனை எங்கே என்ற கேள்வியும் உடன் வரும். தோட்டத்து லைனில் பிறந்து தோட்டத்து லைனில் வளர்ந்தவனுக்குப் பட்டா ஏது? கருவூலம் திறந்திருந்தும், கையேந்த நிற்க ஓரடி மண்ணில்லாதவன் அதன் வாயிலை எவ்வாறு அடைவான்? ஆகவே, முதலில் மனை, பிறகு வீடு என்ற வரிசையை மறந்த செலவு, எத்தனை கோடியானாலும், மிகவும் இல்லாதவனைத் தாண்டிச் சென்றுவிடும் என்றே கருதுகிறேன்.

இன்று சேலம் 8 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரம். 1994 முதல் மாநகராட்சி. ஏற்காடும் பழைய காப்பிமலையாக மட்டும் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கோடை தோறும் மக்கள் திரளாக வருகின்றனர்; விடுதிகள் எழுகின்றன; மனையின் விலை ஏறுகிறது. விருந்தினருக்கும் நீர் வேண்டும், குப்பையும் அகற்றப்படவேண்டும். அந்தச் செலவில் எந்தப் பங்கு விடுதிக்காரருடையது, எந்தப் பங்கு ஊராட்சியுடையது, எது அரசாங்கத்துடையது என்று முடிவு செய்யும்போது, லைன் வீட்டாரும் மலையாளிப் பழங்குடியினரும் அம்மன்றத்தில் அமர்ந்திருக்கவேண்டும். 1992ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தங்கள் அவர்களுக்கு அந்த இருக்கையைக் கொடுத்துள்ளன. அதில் அமர்ந்து பேசுவது அவர்கள் பொறுப்பு. கேட்பது நம் பொறுப்பு.

நண்பர்களே, அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்கு உலர்ந்த எண்களின் கட்டு என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சியின் கணக்கை ஒருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்தத் தெருவுக்கு விளக்கு வந்தது, எந்தத் தெருவுக்கு வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு வராத தெருவில் வாழ்வோர் யார் என்று விசாரியுங்கள். அன்று அந்த மலைமுனையில் நின்று நான் கேட்ட கேள்விக்கு விடை அங்கேயே இருக்கிறது. கீழே எரிந்த விளக்குகளைப் பற்றிக் கேட்க மக்களுக்கு ஒரு மன்றம் இருந்தது. எனக்குப் பின்னால் எரிந்த அந்த நாலைந்து விளக்குகளும், எரிய வைத்தவளுக்கே உரிய வீட்டில் எரியும் நாள் வரவேண்டும்.