கைநாட்டும் இசைவும்

பகாங்கில் வில்லியம் கேமரன் 1885இல் கண்டு குறித்த மலைநாட்டில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். ஆங்கே காடழித்துக் கொழுந்து கிள்ளியோருள் கடல் கடந்த தமிழ் ஏழைகள் பலர்.

அக்கால மலேயாத் தோட்டங்களில் தொழிலாளியின் நோய் எவ்வழி மருந்தை அடைந்தது? கங்காணி விசாரிப்பார், கிராணி குறிப்பார், டிரஸர் மருந்தளிப்பார், எஞ்சியதை லயத்துச் சுவர் அண்டை வீட்டுக்குச் சொல்லும். உடல் நோய்க்கே மறைவில்லாதவர் மன நோயை யாரிடம் உரைப்பார்?

இன்று உளநல நிபுணரைக் கைத்தொலைபேசித் திரையிலேயே காணலாம். மலையிறங்க வேண்டுவதில்லை. ஆனால் லயத்துச் சுவர் தடித்துவிட்டதா?

மலேசியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பெற்று, 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. மனநலச் செய்தியைக் கையாள வெளிப்படையான இசைவு வேண்டுமென்பது, சில விலக்குகள் நீங்கலாக, அதன் விதி. எனினும் மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்தாது. அரசு மருத்துவமனையை நாடும் ஏழை, மருத்துவரின் இரகசியக் கடமையையே பெரிதும் நம்ப வேண்டியவர்.

ஆதலின் பேச்சுத் தொடங்குமுன்னரே அவர் மொழியில் உரைக்க வேண்டியவை உள: மறுபுறத்தில் யார் இருக்கிறார்கள்? பேச்சு பதிவாகிறதா? குறிப்பை யார் பார்ப்பர்? தோட்ட நிர்வாகத்துக்கு எட்டுமா? உயிருக்கு ஆபத்தெனில் எவரிடம் சொல்லப்படும்? மறுத்தால் நேரில் சிகிச்சை உண்டா?

இவற்றை அறியாது ஆட்டும் தலையை, பழைய கைநாட்டின் புதுவடிவமென்றே நாம் கூறுவோம்.