மறைவிடத் தோல்நோயும் லேசர் ஒளியும்

உரும்பிராய்க்கு அண்மையிலுள்ள மானிப்பாயிலே, 19ஆம் நூற்றாண்டில், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களையும் வெளியிட்டவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர். மகப்பேற்று வைத்தியமும் அந்நூல்களுள் இடம்பெற்றது. அங்ஙனம் உடலுறுப்புக்களைத் தமிழிலே கூச்சமின்றி விளக்கும் வழி பிறந்தும், ஆண்குறியின் தோல்நோய்களைப் பற்றி வாய்திறப்போர் இன்றும் சிலரே.

நாட்பட்ட அழற்சியாகிய அந்நோய்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்று, 1928இல் ஜேர்மனியரான ஸ்ரூமர் விவரித்தது. அதிலே தோல் வெளிறும், முன்தோல் இறுகும், சிறுநீர்த்துவாரமும் சுருங்கும். மற்றது, 1952இல் ஒல்லாந்தரான ஸோன் விவரித்த செந்நிறத் திட்டு. இரண்டும் தொற்றுநோய்களல்ல. மேகவியாதியென்று அஞ்சி மறைப்போர் வீணே காலத்தை இழக்கின்றனர். முதலாவது நோயோ சிலரிடத்துப் புற்றுநோய்க்கும் இடங்கொடுப்பது.

ஒளியினால் தோல்நோய் தீர்க்கும் முயற்சி புதிதன்று. தோலைப் பற்றும் கசநோய்க்கு ஒளிச்சிகிச்சை கண்ட டென்மார்க்கு மருத்துவர் பின்சன் 1903இல் நோபல் பரிசு பெற்றார். 1960இல் மெய்மன் என்பார் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். ஆயினும் இந்நோய்களிற் பெரிதும் பயன்பட்டது வேறொன்று. மகாராட்டிரத்துப் பாராமதியிற் பிறந்து, புனாவிற் பொறியியல் கற்ற குமார் பட்டேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே 1964இல் காபனீரொட்சைட்டு லேசரை ஆக்கினார். அவர் வைத்தியர் அல்லர். அதன் கதிர் 10.6 மைக்கிரோமீற்றர் அலைநீளமுடைய, கண்ணுக்குப் புலனாகாத வெப்பக்கதிர். நீர் அதனை விரைந்து உறிஞ்சும். தோலிலே நீர் மிகுதியாதலால், கதிர்பட்ட மேற்படை ஆவியாக, ஆழத்திலுள்ளது பெரும்பாலும் தப்புகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களும் உடனே அடைபடுவதாற் குருதி அதிகம் சிந்துவதில்லை. சுருங்கிய சிறுநீர்த்துவாரத்தைச் சூழ்ந்த மென்மையான இடத்துக்கு இஃது எத்துணைப் பொருத்தமென்று சொல்லவேண்டா.

எனினும் லேசரே முதற் சிகிச்சையென எண்ணுதல் தவறு. ஸ்ரூமர் கண்ட நோய்க்கு முதலில் இடுவது வலிமைமிக்க ஸ்ரீரொயிட் களிம்பு. அதற்கு அடங்காவிடின், முன்தோலை நீக்கும் சத்திரசிகிச்சை. லேசர் பெற்று ஆராயப்பட்டோர் தொகை சிறிது. நோய் மீண்டும் தோன்றியோரும் உளர். மேலும், ஐயத்துக்கிடமான திட்டை ஆவியாக்குமுன் அதிற் சிறு துண்டை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியிற் சோதித்தல் வேண்டும். ஆவியாய்ப் போன தோலிலே புற்று இருந்ததோ இல்லையோ என்பதைப் பின்னர் எவராலும் காணமுடியாது.