'ஒரிஜினல்' என்னும் கதையாடல்: ஒரு மாரிஸ் மைனரின் வயரிங்கை முன்வைத்து

பழைய கார்களை 'மீட்டெடுப்பவர்கள்' ஓயாமல் உச்சரிக்கும் சொல் 'ஒரிஜினல்'. ஒரிஜினல் பெயிண்ட், ஒரிஜினல் கார்புரேட்டர், ஒரிஜினல் வயரிங். சாதாரணமாகத் தோன்றும் இந்தச் சொல்லுக்குள் ஒரு வரலாற்றுப் பார்வை இருக்கிறது. ஆலையின் வாசலைத் தாண்டிய அந்த ஒரு நாள்தான் காரின் 'உண்மை', பிறகு நடந்ததெல்லாம் சிதைவு என்பதே அது. 1950களில் செய்யப்பட்ட மாரிஸ் மைனர் ஒன்றின் வயரிங் சென்னையில் அடியோடு மாற்றப்பட்டபோது கூட இருந்து பார்த்தவன் என்கிற முறையில், இந்தப் பார்வையைக் கொஞ்சம் கேள்விக்குட்படுத்த விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வயரிங் மாற்றுவது ஆடம்பரமல்ல. அந்தக் காலத்துக் கம்பிகளின் மேல் ரப்பர் உறை, அதன் மேல் பருத்தி நூல் பின்னல். எஞ்சின் சூட்டிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் ரப்பர் இறுகி, தொட்டால் உதிரும். நூலை எலி தின்னும். மாரிஸ் மைனரில் மொத்தமே இரண்டு ஃப்யூஸ்தான். ஹெட்லைட்டுக்குப் போகும் கம்பிக்கு அதுவும் கிடையாது. எங்கேயாவது ஒரு வெற்றுக் கம்பி பாடியில் உரசினால் முழு லூமும் எரிந்து போகலாம். ஆகவே, பழைய கம்பியை அப்படியே காப்பாற்றி வை என்று வாதாடுவது என் நோக்கமில்லை. மாற்றும்போது எதை மாற்றுகிறோம், எதை அழிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கம்பிகளுக்கு ஒரு மொழி உண்டு. பர்மிங்ஹாமின் லூக்காஸ் கம்பெனி நிலைநிறுத்திய நிற மொழி அது. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவியைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அதில் கரண்ட் இருக்கும். வெள்ளை, சாவியைத் தாண்டி வருவது. பச்சை, அதே வெள்ளை ஃப்யூஸ் வழியாகப் போன பிறகு. சிவப்பு, சைடு லைட்டுக்கும் பின்விளக்குக்கும். நீலம், ஹெட்லைட்டுக்கு. நீலத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் ஹை பீம், சிவப்புக் கோடு ஓடினால் டிம். கறுப்பு, எர்த்.

குறிக்கும் குறிக்கப்படுவதற்கும் இடையிலான உறவு இயற்கையானதல்ல, வழக்கால் ஏற்பட்டது என்று சசூர் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஜெர்மன் காரில் பழுப்புதான் எர்த். நம் வீட்டு வயரிங்கில் பச்சை எர்த். மைனரிலோ பச்சையில் கரண்ட் ஓடும். இன்னொரு விசித்திரம்: 1930களின் நடுவிலிருந்து 1960களின் பிற்பகுதிவரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்க்கப்பட்டது. ஆல்டர்னேட்டரும் டிரான்சிஸ்டரும் பரவிய பிறகு நெகட்டிவ் எர்த்தே எங்கும் வழக்கமாயிற்று. ஆக, எது 'பூமி' என்பதுகூடப் பேசி வைத்துக்கொண்ட ஒன்றுதான்.

இந்த மொழியை 'எழுதியவர்கள்' யார்? பிரிட்டிஷ் கார் மின்சாதனச் சந்தையில் லூக்காஸ் செலுத்திய ஆதிக்கத்தை அந்த நாட்டின் ஏகபோக ஆணையமே விசாரித்து 1963இல் அறிக்கை தந்தது. கார் நடுராத்திரியில் இருண்டு போனால் 'இருளின் இளவரசன்' என்று லூக்காஸைக் கேலி செய்வதும் உண்டு. ஏகபோகத்தின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது, கேலியின் வரலாறும்கூட. ஆனால் லூம் என்பது தானாக முளைப்பதல்ல. பலகையில் முளைகள் அடித்து, ஒவ்வொரு நிறக் கம்பியையும் அதனதன் வழியில் கையால் இழுத்துப் போட்டு, கிளை பிரியும் இடங்களில் கட்டிச் செய்வது. லூக்காஸ் ஆலைகளில் பெருந்தொகையாக உழைத்தவர்கள் பெண்கள். 1930களின் தொடக்கத்தில், வேலையை நிமிடம் நிமிடமாக அளக்கும் 'பெதோ' முறையை நிர்வாகம் கொண்டுவந்தது. வேகமாக வேலை செய்கிற ஜெஸ்ஸி ஈடனின் கையை அளவுகோலாக்கி மற்றவர்களை விரட்டப் பார்த்தது. அவர் முன்நிற்க, பத்தாயிரம் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியேறினார்கள். அந்த முறை கைவிடப்பட்டது. 'ஒரிஜினல்' என்று நாம் பூஜிக்கிற பொருளுக்குள் கடிகாரத்தோடு நடந்த இந்தச் சண்டையும் கிடக்கிறது. இது பழங்கதையும் அல்ல. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது ஜெர்மனியின் பெரிய கார் ஆலைகள் சில நின்றுபோயின. காரணம், மேற்கு உக்ரைனில் கைகளால் கட்டப்படும் லூம் வந்து சேரவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். அந்த மைனரின் டேஷ்போர்டுக்குக் கீழே லூக்காஸின் மொழி பாதிதான் மிச்சமிருந்தது. ஹாரனுக்கு வீட்டு வயரில் ஒரு சிவப்பு இழுவை. வைப்பருக்கு, சுவரில் இருக்க வேண்டிய ஒரு ஸ்விட்ச். பேட்டரி கேபிள்கள் இடம்மாறி, கார் நெகட்டிவ் எர்த்தாகியிருந்தது. இதெல்லாம் 'ஒட்டு வேலை' என்று சிரித்துவிடலாம். ஆனால் இறக்குமதிக்கு லைசென்ஸ் கேட்ட பத்தாண்டுகளில் இங்கிலாந்திலிருந்து லூம் வரவழைப்பது எத்தனை பேருக்கு முடிந்திருக்கும்? கையில் இருந்த கம்பி போடப்பட்டது. எர்த் மாறியதற்கும் காரணம் இருந்தது: அப்போது வந்த கேசட் பிளேயர்கள் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்யப்பட்டவை. எர்த்தை மாற்றுவது கேபிளை மாற்றுவதோடு முடிவதில்லை. பேட்டரியிலிருந்து ஒரு கம்பியை டைனமோவின் ஃபீல்டு முனையில் ஒரு கணம் தொட்டுத் தொட்டு எடுத்து அதன் காந்தத் திசையைப் புரட்ட வேண்டும். இதைச் செய்தவர் யாரென்று எங்கும் பதிவில்லை. செய்தவருக்கு டைனமோவின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தது.

நான் பார்த்த எலக்ட்ரீஷியன் ஒரு பல்பில் இரண்டு கம்பி கட்டி வைத்திருந்தார். வயரிங் படத்தை நீட்டியபோது வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கலரை நம்பாதீங்க சார். கலரு அவன் போட்டது. கரண்டு எங்க போவுதுன்னு பல்பு சொல்லும்." லூக்காஸின் பிரதியை வாசிக்கத் தெரியாதவரின் பேச்சல்ல இது. அந்தப் பிரதியின் மேல் வேறு பலர் எழுதிவிட்டார்கள் என்று அறிந்தவரின் வாசிப்பு முறை.

புதிய லூம் இங்கிலாந்திலிருந்து வந்தது. உள்ளே பிவிசி, வெளியே பழைய மாதிரியே பருத்திப் பின்னல். அதாவது, பழையது போலத் தோற்றமளிக்கும் புதியது. பழைய லூம் எடைக்குப் போயிற்று. செம்புக்கு மட்டும்தான் விலை. ஆலையின் ஒரு நாள் 'மீட்கப்பட்டது'; தெருவின் நாற்பது, ஐம்பது வருஷங்கள் கழிவாயின. காலனிய மூலத்தைப் புனிதமாக்கி, அதன்மேல் நம்மவர்கள் எழுதிய உரைகளைக் 'கறை' என்று சுரண்டியெடுக்கும் இந்த மனநிலை கார் ஷெட்டுக்கு மட்டும் உரியதல்ல. கோயில் சுவரை மணல் வீசிச் சுத்தம் செய்தபோது கல்வெட்டுகளும் சேர்ந்து தேய்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

புதுக் கம்பி வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பேட்டரியைக் கழற்றியபின், கம்பியில் கைவைப்பதற்கு முன், உள்ளதை உள்ளபடி ஒரு தாளில் வரையலாம். இந்த ஜாயிண்ட் எங்கே, இந்த வீட்டு வயர் எதற்கு, எந்தக் கம்பி எந்தக் காலத்தது என்று துண்டுச் சீட்டு கட்டலாம். வேலை பார்க்கிறவரின் பெயரையும் அதில் எழுதலாம். அரை நாள் வேலை. ஆலை வரைந்த படம் எல்லோரிடமும் இருக்கிறது. இந்த இரண்டாவது படம் எந்த ஷெட்டிலும் என் கண்ணில் பட்டதில்லை.