பாலிமர்
‘பாலிமரில் புற்றுநோய்க்கு மருந்தாம்’ என்றால் திண்டிவனத்தில் சிரிக்கிறார்கள். அங்கே பாலிமர் என்பது செய்திச் சேனல், இல்லையேல் பிளாஸ்டிக். கிரேக்கத்தில் ‘பாலி’ பல, ‘மெரோஸ்’ பகுதி. 1830களில் வேதியியலாளர் பெர்சீலியஸ் இச்சொல்லை ஆண்டபோது நீள்சங்கிலி என்ற பொருளே கிடையாது; தனிமங்களின் விகிதம் ஒன்று, மூலக்கூற்றின் எடை வேறு, அவ்வளவுதான். சங்கிலிப் பொருள் 1920இல் இன்னொரு வேதியியலாளரான ஸ்டாடிங்கரோடு வந்தது. பருத்தி, வேப்பம்பிசின், மரக்காணத்து இறால் ஓட்டிலுள்ள கைட்டின் எல்லாம் இயற்கைப் பாலிமர்களே. கைட்டினைக் காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். அதையும் மாற்றியமைத்துப் புற்றணுவுக்கு மருந்து சுமக்க வைக்கும் முயற்சி பெரும்பாலும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. பாலிமருக்கு நம் பாடநூல் தரும் ‘பலபடி’ எனக்கு நெல் அளக்கும் படியையே நினைவூட்டுகிறது. இலங்கையின் ‘பல்பகுதியம்’ மெரோஸைச் சரியாகப் பிடிக்கிறது. என் ஓட்டு அதற்கே.