லோரி ஏன் சாகல? ‘ஹாலோவீன்’ படத்துக்குப் பார்வையாளர்கள் எழுதின சட்டம்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

முதல்லயே ஒரு எச்சரிக்கை: இன்னைக்குப் பேசப்போற படத்தோட கதையை முழுசா சொல்லிடுவேன். படம் வந்தது 1978ல. அதனால ஸ்பாய்லர்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

காலேஜ் ரெண்டாவது வருஷம். ஹாஸ்டல் ரூம்ல ஆறு பொண்ணுங்க, ஒரு லேப்டாப், ஒரு பெரிய பாக்கெட் மிக்சர். லைட்டை அணைச்சுட்டு ‘ஹாலோவீன்’ பார்த்துக்கிட்டு இருந்தோம். கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் காதலனோட படுக்கையில இருந்த ஒரு பொண்ணு, டெலிஃபோன் ஒயரால கழுத்து நெரிபட்டுச் சாகிறா. எங்கள்ல ஒருத்தி சொன்னா: “ஆடினால்ல, அனுபவிக்கட்டும்.” எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

படம் முடிஞ்சதும் இன்னொருத்தி, “பாத்தியா, நல்ல பொண்ணு மட்டும் தப்பிச்சிட்டா”ன்னா. ஒருத்தரும் மறுக்கல. நாங்க யாரும் சினிமா விமர்சனம் படிச்சவங்க இல்ல. ஆனா ஒன்றரை மணி நேரத்துல ஆறு பேரும் ஒரே தீர்ப்புக்கு வந்துட்டோம். அந்தத் தீர்ப்பு எங்க இருந்து வந்துச்சு? படத்துல இருந்தா, எங்ககிட்ட இருந்தா? இந்த எபிசோட் அதைப் பத்தினதுதான்.

முதல்ல படம்

‘ஹாலோவீன்’ 1978 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியானது. இயக்கம் ஜான் கார்பென்டர். திரைக்கதையை அவரும் தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லும் சேர்ந்து எழுதினார்கள். தோழிகள் மூணு பேரும் பேசிக்கொள்ளும் வசனங்களில் பெரும்பகுதி டெப்ரா ஹில் எழுதியது.

சுமார் 3 லட்சம் டாலர் பட்ஜெட், ஏறக்குறைய 20 நாள் ஷூட்டிங். கதை நடப்பது அக்டோபர் கடைசியில். எடுத்தது கலிஃபோர்னியாவின் வசந்த காலத்தில். அதனால் இலைகளுக்குப் பழுப்புச் சாயம் பூசித் தெருவில் கொட்டினார்கள். ஷாட் முடிந்ததும் அதே இலைகளைப் பொறுக்கி எடுத்து, அடுத்த இடத்தில் கொட்டினார்கள். கொலைகாரனின் முகமூடியும் புதுசாகச் செய்ததில்லை. கடையில் வாங்கின ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தது. இப்படி எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4.7 கோடி டாலர் வசூலித்தது.

கதை சின்னது. 1963, ஹாலோவீன் இரவு. ஆறு வயசுப் பையன் மைக்கேல் மயர்ஸ், தன் அக்கா ஜூடித்தைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். 15 வருஷம் மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு, அங்கிருந்து தப்பித்துச் சொந்த ஊருக்கு வருகிறான். அந்த ஊரில் மூன்று பள்ளித் தோழிகள்: லோரி, ஆனி, லிண்டா. அந்த ராத்திரி ஆனி சாகிறாள். லிண்டாவும் அவளுடைய காதலன் பாபும் சாகிறார்கள். லோரி பிழைக்கிறாள். லோரியாக நடித்தது ஜேமி லீ கர்ட்டிஸ். அப்போது அவருக்கு 19 வயசு, அதுதான் முதல் சினிமா. 1960ல் வந்த ‘சைக்கோ’வில் ஷவருக்குக் கீழே கொல்லப்பட்ட ஜேனட் லீ இருக்காங்க இல்லையா, அவரோட மகள்.

சட்டம் உருவான கதை

பலரும் இந்தப் படத்தை எப்படிப் புரிந்துகொண்டார்கள்? உடலுறவு வைத்துக்கொண்டவர்கள் செத்தார்கள். படிப்பு, வீடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று இருந்தவள் பிழைத்தாள். ஆகவே இது ஒழுக்கப் பாடம். கொலைகாரன் கையில் இருப்பது கத்தி இல்ல, பிரம்பு!

1980ல் ‘ஃப்ரைடே தி 13த்’ வந்தது. ‘ஹாலோவீன்’ ஜெயித்ததைப் பார்த்து எடுத்த படம் அது. பார்வையாளர்கள் ‘ஹாலோவீன்’ மேல் ஏற்றிச் சொன்ன காரணத்தை, இந்தப் படம் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. கோடைக்கால முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் காதல் செய்துகொண்டிருந்தார்கள், அதனால்தான் என் மகன் தண்ணீரில் மூழ்கினான் என்று அந்தக் கொலைகாரத் தாய் நேராகவே சொல்கிறாள்.

அதே வருஷம், ஜீன் சிஸ்கல், ராஜர் ஈபர்ட் என்ற இரண்டு பிரபல விமர்சகர்கள் இந்த வகைப் படங்களைக் கண்டித்து டிவியில் ஒரு தனி நிகழ்ச்சியே செய்தார்கள். பெண்ணைத் துரத்துகிறவனின் கண்ணாகக் கேமராவை மாற்றி, நம்மையும் அவன் பக்கம் நிற்க வைக்கிறார்கள், பெண்கள் முன்னேற்றத்தின் மேல் இருக்கிற கோபம்தான் இது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ஆனா ‘ஹாலோவீன்’ அப்படி இல்லை என்று அதை மட்டும் விலக்கிவைத்தார்கள். அதை நிறையப் பேர் மறந்துட்டாங்க.

1996ல் வெஸ் கிரேவன் இயக்கிய ‘ஸ்க்ரீம்’ வந்தது. அதில் ஒரு பையன் பார்ட்டி நடுவில், டிவியில் ‘ஹாலோவீன்’ ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்று விதிகளைச் சொல்கிறான். பயங்கரப் படத்தில் உயிரோடு இருக்கணுமா? முதல் விதி, உடலுறவு கூடாது. இப்படி, பார்வையாளர்களின் ஒரு அபிப்பிராயம் 18 வருஷத்தில் சட்டப் புத்தகமே ஆகிவிட்டது. அதே ‘ஸ்க்ரீம்’ கதாநாயகி விதியை மீறிவிட்டும் பிழைக்கிறாள். அது பேச்சில் வருவதில்லை.

சட்டத்தைச் சோதிச்சுப் பார்ப்போம்

இந்த எபிசோடுக்காகப் படத்தை மறுபடி போட்டு, கையில் நோட்டோடு உட்கார்ந்தேன். செத்தவர்கள் பட்டியல் போட்டேன்.

ஆனி சாகும்போது காதலனைக் கூட்டிவரக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். கார் கூட நகரவில்லை. விதிப்படி அவள் இன்னும் எந்தத் “தப்பும்” செய்யவில்லை. மைக்கேல் போட்டிருக்கிற உடை ஒரு மெக்கானிக்கைக் கொன்று எடுத்தது. அந்த மனுஷன் என்ன பாவம் செய்தார்னு யாரும் கேட்டதில்லை. ஒரு வீட்டு நாயையும் நெரித்துக் கொல்கிறான். அந்த நாய் யாரோட ஆடுச்சு?

அப்புறம் பாப். லிண்டாவோடு அதே படுக்கையில் இருந்தவன்தானே? பீர் எடுக்க சமையலறைக்குப் போனவனைச் சுவரோடு சேர்த்துக் கத்தியால் குத்தி நிறுத்துகிறான் மைக்கேல். எங்க ஹாஸ்டல் ரூம்ல பாப் செத்தப்போ யாரும் “அனுபவிக்கட்டும்”னு சொல்லல. “ஐயோ”ன்னுதான் சொன்னோம். சில நிமிஷம் கழிச்சு லிண்டா செத்தப்போதான் அந்த வாக்கியம் வந்துச்சு. ரெண்டு பேரும் செய்தது ஒன்று. தீர்ப்பு மட்டும் ஒருத்திக்கு.

சரி, பிழைத்த லோரி? ஆனியின் காரில் போகும்போது கஞ்சா சிகரெட்டை மாற்றி மாற்றி இழுக்கிறாள். பென் என்ற பையன் மேல் ஆசை இருப்பதையும் ஒத்துக்கொள்கிறாள். அவளிடம் இருப்பது விரதம் இல்ல, கூச்சம். நாம் மனசில் வைத்திருக்கிற “நல்ல பொண்ணு” படத்தில் இருக்கிற லோரி இல்லை. அவளுக்கு ஒத்துவராத காட்சிகளை நாம்தான் வெட்டிப் போட்டிருக்கிறோம்.

இன்னும் நாலு வருஷம் பின்னால் போனால், 1974ல் கனடாவில் பாப் கிளார்க் எடுத்த ‘பிளாக் கிறிஸ்மஸ்’. ஸ்லாஷர் வகையின் ஆரம்பப் படங்களில் ஒன்று. மாணவிகள் சேர்ந்து தங்கியிருக்கிற வீடு அது. முதலில் சாகிறவள் கிளேர், அந்த வீட்டிலேயே அடக்கமான பெண். கடைசி வரை போராடுகிறவள் ஜெஸ். அவள் கர்ப்பமாக இருக்கிறாள், கருவைக் கலைக்க முடிவு செய்திருக்கிறாள், அதைக் காதலனிடம் நேராகச் சொல்கிறாள். சட்டம் பிறப்பதற்கு முன்னாடியே அதற்கு நேர் எதிரான படம் இருந்திருக்கு.

கார்பென்டரும் ஒழுக்கப் பாட விளக்கத்தைப் பல பேட்டிகளில் மறுத்திருக்கிறார். மற்ற பெண்களின் கவனம் காதலர்கள் மேல் இருந்தது, அதனால் அவன் வந்ததைக் கவனிக்கவில்லை. லோரி தனியாக இருந்தாள், அதனால் கவனித்தாள் என்பது அவர் சொல்லும் காரணம். டைரக்டர் சொன்னா மட்டும் அது முடிவாகிடாது. ஆனா படமும் அதைத்தான் காட்டுகிறதா என்று பார்க்கலாம் இல்லையா?

ஃபைனல் கேர்ள்

1987ல் கேரல் க்ளோவர் என்ற பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய துறை சினிமாவே இல்லை, பழைய ஐஸ்லாந்து, ஸ்காண்டிநேவிய இலக்கியம். பாட்டி சொல்லும் கதைகளைப் போல, ஒரே கதை திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாகச் சொல்லப்படுவதை ஸ்லாஷர் படங்களில் அவர் பார்த்தார். கடைசியில் மிஞ்சுகிற பெண்ணுக்கு ‘ஃபைனல் கேர்ள்’ என்று பெயர் வைத்தது அவர்தான். 1992ல் அது ஒரு புத்தகத்தின் பகுதியாகவும் வந்தது.

க்ளோவர் கவனித்தது திரையை மட்டுமல்ல, தியேட்டரையும். பெரும்பாலும் இளைஞர்கள் நிறைந்த கூட்டம். முதல் பாதியில் கொலைகாரனுக்குக் கைதட்டுகிறார்கள். கடைசியில் அவனை எதிர்த்துக் குத்துகிற பெண்ணுக்கும் அதே கூட்டம்தான் கைதட்டுகிறது. ஆண்கள் எப்போதும் ஆணோடுதான் ஒன்றுவார்கள் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் காண்கிறது. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்: அந்தப் பெண் கொஞ்சம் பையன் மாதிரி இருப்பதால்தான் பையன்களால் அவளோடு ஒன்ற முடிகிறது. இதில் எனக்கு ஒரு சின்னச் சண்டை உண்டு. தியேட்டர்ல பொண்ணுங்களும்தானே உட்கார்ந்திருந்தாங்க? அவங்க லோரியில யாரைப் பார்த்தாங்க?

யார் பார்த்தது, யார் நம்பினது

நோட்டில் இரண்டாவது பட்டியல் ஒன்றும் போட்டேன். மைக்கேலைப் பார்த்தது யார், சொன்னது யார், நம்பினது யார்.

லோரி வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். தெருவில் செடிவேலிக்குப் பக்கத்தில் பார்க்கிறாள். தன் அறையிலிருந்து, காயப்போட்ட துணிகளுக்கு நடுவே பார்க்கிறாள். வேலிப் பக்கம் யாரோ நிற்கிறான் என்று சொன்னதும் ஆனி போய்ப் பார்த்துவிட்டு, அவளைக் கிண்டல் செய்கிறாள். மைக்கேலின் டாக்டர் லூமிஸ், அவன் இங்கேதான் வந்திருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஊர் ஷெரிஃப் அரைமனசாகத்தான் கேட்கிறார். கொல்லப்படப்போகிற ஆனி அந்த ஷெரிஃபின் மகள். டாக்டருக்கும் ஒரு குத்து உண்டு: மைக்கேல் திருடின கார் அவர் முதுகுக்குப் பின்னாலேயே போகும், அவர் திரும்ப மாட்டார்.

லோரி பார்த்துக்கொள்கிற குட்டிப் பையன் டாமி, எதிர்வீட்டில் பூச்சாண்டி நிற்கிறான் என்கிறான். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று சமாதானம் சொல்வது யார்? லோரிதான். காலையில் தன்னை நம்பாததை அனுபவித்தவள், ராத்திரி அதையே ஒரு குழந்தைக்குச் செய்கிறாள். லிண்டா ஃபோனில் மூச்சுத் திணறும்போதும், ஆனி விளையாடுகிறாள் என்றுதான் லோரி நினைக்கிறாள்.

பிறகு எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கும் காட்சி. உயிருக்குப் பயந்து ஓடி வரும் லோரி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அலறுகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது. யாரோ எட்டிப் பார்க்கிறார்கள். விளக்கு அணைகிறது. அவ்வளவுதான். ரத்தமே இல்லாத அந்தச் சில நொடிகள்தான் இந்தப் படத்திலேயே பயங்கரம் என்று நான் சொல்வேன். அதற்கப்புறம் அவள் கையில் இருப்பது ஒரு பின்னல் ஊசி, துணி மாட்டும் கம்பி, அவனிடமிருந்தே விழுந்த கத்தி. அதை வைத்துத்தான் டாக்டர் வந்து சேரும் வரை தாக்குப்பிடிக்கிறாள்.

எங்க ஹாஸ்டல் கதைக்கு வரேன். அந்த ராத்திரிக்கு ஒரு மாசம் கழிச்சு, எங்க ஆறு பேர்ல ஒருத்தியை ஒருத்தன் பஸ் ஸ்டாப்புல இருந்து பின்தொடர ஆரம்பிச்சான். மூணு நாள் தொடர்ந்து வந்தான். அவ எங்ககிட்ட சொன்னா. “உன் கற்பனைடி”ன்னோம். நாலாவது நாள் போய்ப் புகார் கொடுத்தா. அவளைக் கேட்ட முதல் கேள்வி, “அந்த நேரத்துல உனக்கு வெளிய என்ன வேலை?” நாங்க அஞ்சு பேரும் அவ பக்கத்துல நின்னோம். ஒருத்தரும் வாயைத் திறக்கல. அவன் அப்புறம் வரல, அவளுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா அதுக்கப்புறம் அவ எங்ககிட்ட எதையும் சொல்றதை விட்டுட்டா. பக்கத்து வீட்டு விளக்கு அணையற காட்சி வரும்போதெல்லாம் எனக்கு அவ ஞாபகம் வரும். “ஆடினால்ல, அனுபவிக்கட்டும்”னு சொன்னதும் அவதான்.

இந்த வாரம் அவளுக்கு ஃபோன் பண்ணினேன், இந்த எபிசோட்ல இதைச் சொல்லலாமான்னு கேட்க. “பேரைச் சொல்லாம சொல்லு”ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, “பாபைப் பத்தியும் சொல்லு”ன்னா. சொல்லிட்டேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். கதவைப் பூட்டிட்டுத் தூங்குங்க. யாராவது தட்டினா, லைட்டைப் போட்டு யாருன்னு பாருங்க.