பெர்ஃபெக்டோ ஜாக்கெட்

1950களில் அமெரிக்க இளைஞரிடையே புகழ்பெற்ற, இடுப்பளவு நீளமுள்ள தோல் ஜாக்கெட். மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கான உடை வகையைச் சேர்ந்தது. நியூயார்க்கின் ஷாட் நிறுவனத்தைச் சேர்ந்த இர்விங் ஷாட் 1928இல் வடிவமைத்து, தமக்குப் பிடித்த சுருட்டின் பெயரைச் சூட்டினார். தொடக்க விலை 5.50 டாலர். ஜிப் நடுவில் அமையாமல் மார்பின் குறுக்கே சாய்வாக ஓடும். முன்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் எதிர்க்காற்று உட்புகாது. அகன்ற காலர் மடிப்புகள் வேகத்தில் படபடக்காதவாறு அழுத்துப் பொத்தான்கள் பிடித்துக்கொள்ளும். 'தி வைல்ட் ஒன்' (1953) திரைப்படத்தில் மார்லன் பிராண்டோ இவ்வகை ஜாக்கெட்டுடன் தோன்றியபின், ஓட்டுநரின் காப்புடை கட்டுக்கடங்கா இளமையின் அடையாளமாயிற்று. பள்ளிகள் சில தடையும் விதித்தன. அப்பத்தாண்டின் மற்றொரு திரைப் புகழாடையான ஜேம்ஸ் டீனின் சிவப்பு ஜாக்கெட் (1955) தோலாலானது அன்று. 1970களில் ரமோன்ஸ் முதலிய பங்க் இசைக்குழுவினர் பெர்ஃபெக்டோவை மீண்டும் பரப்பினர்.